லொலிபொப் தடியா, பார்க்கிங் டிக்கெட்டா? கவுன்சில் வேலை இரண்டில் எதற்கு விண்ணப்பிக்கலாம்

கேட்டவர்: தென்னங்கீற்று

எல்லோருக்கும் வணக்கம். வடமேற்கு லண்டனில் இருக்கிறேன், வயது 41. பத்து ஆண்டுகளாக ஒரு பலசரக்குக் கடையில் காசாளராக இருந்தேன். பெப்ரவரியோடு கடையைப் பூட்டிவிட்டார்கள். கவுன்சிலின் வேலைவாய்ப்புப் பக்கத்தில் இப்போது எனக்குப் பொருந்துகிற மாதிரி இரண்டு இடங்கள் இருக்கின்றன. ஒன்று, பாடசாலைக்கு முன்னால் வட்டப் பலகை பிடித்துப் பிள்ளைகளை வீதி கடக்க வைக்கும் வேலை, நாங்கள் லொலிபொப் என்று சொல்வோமே, அது. மற்றது, தெருத்தெருவாகப் போய்ப் பார்க்கிங் டிக்கெட் எழுதும் வேலை. அதற்குச் 'சிவில் என்ஃபோர்ஸ்மென்ட் ஆஃபிசர்' என்று பெயர் போட்டிருக்கிறார்கள்.

முதலாவது வேலையில் என் மனம் நிற்பதற்கு ஒரு காரணம் உண்டு. என் சின்ன மகன் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். அவனுடைய பாடசாலைக்கு முன்னால் வெள்ளைக்காரப் பெரியவர் ஒருவர் பல வருடங்களாகத் தடி பிடித்து நின்றார். மகனின் பெயரை நான்கு நாள் கேட்டுக் கேட்டுப் பழகி, ஐந்தாம் நாள் பிழையில்லாமல் கூப்பிட்டார். ஈஸ்டர் விடுமுறையோடு அவர் ஓய்வு பெற்றுவிட்டார். அந்த இடத்துக்கு இன்னும் யாரும் வரவில்லை. ஒவ்வொரு காலையும் மகனின் விரல்கள் நோகும் அளவுக்கு இறுக்கிப் பிடித்துக்கொண்டு கடக்கிறேன்.

ஆனால் அந்த வேலையில் மணித்தியாலங்கள் மிகக் குறைவு. பார்க்கிங் வேலை முழுநேரம், சம்பளமும் கூட. கணவர் அதைக் கேட்டதுமே, "வேண்டாம், ஊர்ச்சனம் முழுவதும் உன்னைத் திட்டும்" என்றார். எழுதுகிற டிக்கெட்டுக்குத் தக்கபடி கொமிஷன் கிடைக்கும் என்று ஒருவர் சொன்னார். அது உண்மை என்றால் எனக்கு அந்த வேலை வேண்டாம்.

இந்த இரண்டில் ஒன்றையாவது செய்தவர்கள் இருந்தால், உள்ளது உள்ளபடி சொல்லுங்கள்.


பதில்: மஞ்சள் கோட்டு

தங்கச்சி, ஒன்பது வருடமாகத் தடி பிடிக்கிறேன். அதைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

முதலில் நேரம். நான் காலையில் 8.15 முதல் 9 மணி வரையும், பின்னேரம் 3 முதல் 3.45 வரையும் நிற்கிறேன். கிழமைக்கு ஏழரை மணித்தியாலம், அவ்வளவுதான். பாடசாலை விடுமுறையில் வேலை கிடையாது, ஆனால் எங்கள் கவுன்சிலில் வருடச் சம்பளத்தைப் பன்னிரண்டாகப் பிரித்து மாதாமாதம் தந்துவிடுவார்கள். கவுன்சிலின் நேரடி ஊழியர் என்பதால் உள்ளூராட்சி ஓய்வூதியத் திட்டத்திலும் சேரலாம். தொகை சிறியதுதான், என்றாலும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்.

பலரும் யோசிக்காத ஒன்று இருக்கிறது. நீங்கள் வீதியில் நிற்க வேண்டிய அதே முக்கால் மணி நேரம்தான் உங்கள் மகனும் பாடசாலைக்குப் போகிற நேரம். அவனுடைய பாடசாலைக்கு முன்னாலேயே இடம் கிடைத்தால் நல்லது. அங்கேயும் 8.15க்கே அவன் உங்களோடு வந்துவிடுவான், வாசல் திறக்கும் வரை எங்கே நிற்பான்? உங்கள் பக்கத்தில் நிற்க முடியாது. தடி கையில் இருக்கும்போது கண் வீதியை விட்டு அகலக் கூடாது, அவன் ஒரு முறை "அம்மா" என்றால் திரும்பிவிடுவீர்கள். வாசல் திறக்க முன்னரே பிள்ளைகளுக்குப் பாடசாலையில் சாப்பாடு கொடுத்துப் பார்த்துக்கொள்ளும் காலை உணவு கழகம் இருந்தால் அதில் சேர்த்துவிடுங்கள். வேறு பாடசாலைக்குப் போட்டால் அவனைக் கொண்டுபோய் விட ஆள் வேண்டும். விண்ணப்பிக்க முன்னரே இதைத் தீர்த்துக்கொள்ளுங்கள்.

எடுத்தவுடன் தடியைக் கையில் தந்துவிட மாட்டார்கள். பிள்ளைகளோடு பழகும் வேலை என்பதால் பின்னணிச் சோதனை உண்டு. எனக்குக் கண்ணும் காதும் பார்த்தார்கள். பயிற்சி கொடுப்பது கவுன்சிலின் சட்டக் கடமை.

வேலை வெளியிலிருந்து பார்க்கச் சுலபமாகத் தெரியும். பிள்ளைகளை நடைபாதை ஓரத்திலிருந்து ஓர் அடி பின்னால் நிறுத்த வேண்டும். வாகனங்களுக்கு நடுவே இடைவெளி வரும் வரை காத்திருக்க வேண்டும். பிறகு நீங்கள் முதலில் இறங்க வேண்டும், தனியாக. நடுவீதிக்குப் போய்ப் பலகையின் முழு முகமும் ஓட்டுநருக்குத் தெரிகிற மாதிரிப் பிடித்து, மற்றக் கையையும் அகல நீட்டி, இரண்டு பக்கமும் வாகனங்கள் நின்றுவிட்டனவா என்று கண்ணால் உறுதி செய்த பிறகுதான் பிள்ளைகளைக் கூப்பிட வேண்டும். அவர்கள் எப்போதும் உங்களுக்கு முன்னால்தான் கடக்க வேண்டும், முதுகுக்குப் பின்னால் ஒருவரும் போகக் கூடாது. கடைசிப் பிள்ளை ஏறிய பிறகுதான் நீங்கள் திரும்புவீர்கள். காற்று அடிக்கும் நாளில் அந்தப் பலகை பாய் போல இழுக்கும். என் வலது தோள்மூட்டு ஒவ்வொரு நவம்பரும் அதைச் சொல்லிக் காட்டும்.

அதிகாரத்தின் அளவையும் தெரிந்துகொள்ளுங்கள். பலகையைக் காட்டினால் வாகனம் நின்றே ஆக வேண்டும், காட்டிக்கொண்டிருக்கும் வரை அசையக் கூடாது. நிற்காதவருக்கு 1,000 பவுண் வரை தண்டமும் உரிமத்தில் 3 புள்ளிகளும் விழலாம். ஆனால் கடக்கிறவர்களுக்காக மட்டுமே மறிக்கலாம். பக்கத்து ஒழுங்கையிலிருந்து வெளியே வர முடியாமல் தவிக்கும் காருக்கு வழி எடுத்துக் கொடுக்க எங்களுக்கு அதிகாரம் இல்லை. முன்பு பிள்ளைகளுக்காக மட்டும்தான் மறிக்கலாம் என்றிருந்தது. 2000ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு எவரையும் கடக்க வைக்கலாம். எனக்கு ஒரு பாட்டி இருக்கிறார். பாடசாலையோடு அவருக்கு ஒரு தொடர்பும் இல்லை. பாண் வாங்கப் போவதற்கு 8.40 வரை எனக்காகக் காத்திருப்பார்.


பதில்: நடைக்காரன்

அக்கா, நான் பதினொரு வருடமாக டிக்கெட் எழுதுகிறேன். உங்கள் கணவர் சொன்னது சரி, திட்டுவார்கள். கொமிஷன் பற்றிச் சொன்னவர் சொன்னது பிழை. இத்தனை டிக்கெட் எழுத வேண்டும் என்று இலக்கு வைக்கக் கூடாது, எண்ணிக்கைக்குத் தக்கபடி பணம் கொடுக்கக் கூடாது என்று அரசின் வழிகாட்டியே சொல்கிறது. வீதிப் பார்க்கிங்கில் மிஞ்சும் பணத்தையும் கவுன்சில் நினைத்தபடி செலவழிக்க முடியாது. போக்குவரத்து, வீதி போன்ற குறித்த செலவுகளுக்குத்தான் போக வேண்டும் என்று 1984ஆம் ஆண்டுச் சட்டத்தின் 55ஆம் பிரிவு கட்டிவைத்திருக்கிறது.

விளம்பரத்தில் ஒன்றைக் கவனியுங்கள். வேலை தருவது கவுன்சிலா, கவுன்சிலுக்காக ஒப்பந்தம் எடுத்த நிறுவனமா? சீருடையில் கவுன்சிலின் பெயர்தான் இருக்கும், சம்பளப் பட்டியலில் வேறு பெயர் இருக்கலாம். ஓய்வூதியமும் நோய்க்கால விடுப்பும் அதில்தான் மாறும். நான் முதல் நான்கு வருடம் ஒப்பந்த நிறுவனத்தில் இருந்துவிட்டுக் கவுன்சிலுக்கு மாறியவன். வித்தியாசம் என்னவென்று முதல் முறை காய்ச்சலில் படுத்தபோது தெரிந்தது.

எங்களை இன்னமும் எல்லோரும் வோர்டன் என்றுதான் கூப்பிடுகிறார்கள். 1960இல் லண்டனில் தொடங்கிய அந்த வோர்டன்கள் பொலிஸின் ஆட்கள். 1991ஆம் ஆண்டுச் சட்டத்தோடு பார்க்கிங் தவறு மெல்ல மெல்லக் குற்றவியல் பட்டியலிலிருந்து வெளியே வந்து கவுன்சில்களின் கைக்கு மாறியது. இப்போதைய பதவிப் பெயர் 2008இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தில் பிறந்தது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், உங்களுக்குப் பொலிஸ் அதிகாரம் எதுவும் கிடையாது. யாரையும் தடுத்து நிறுத்த முடியாது. முழுச் சீருடையில் இருந்தால்தான் நீங்கள் எழுதும் டிக்கெட் செல்லும்.

மழையிலும் வெயிலிலும் நாளுக்குப் பத்து மைல் நடப்பேன். அது பழகிவிடும். திட்டும் பாதி பழகிவிடும். பழகாதது எங்கள் ஆட்களின் கெஞ்சல். "தம்பி, தமிழ்தானே, ஒரு நிமிடம்தானே நிறுத்தினேன்" என்று கேட்கும்போது வயிறு பிசையும். ஒரு முறை எழுதிவிட்டால் அதை நீக்க எனக்கு அதிகாரம் இல்லை. ஆட்சேபணையைக் கவுன்சிலுக்குத்தான் எழுத வேண்டும், அங்கே மறுத்தால் தீர்ப்பாயத்துக்குப் போகலாம், அதற்குக் கட்டணம் இல்லை. 14 நாளுக்குள் கட்டினால் பாதிப் பணம். இதைத் தமிழில் நின்று நிதானமாக விளக்கிச் சொல்ல ஓர் ஆள் இருப்பது எங்கள் வயதானவர்களுக்கு எவ்வளவு பெரிய உதவி என்று நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். கடிதத்தை அலமாரியில் வைத்துவிட்டு இருப்பார்கள், தொகை ஏறிக்கொண்டே போகும்.

இனி, பாடசாலை வாசல். நீங்கள் இரண்டு வேலைகளையும் வேறு வேறாக நினைக்கிறீர்கள், அதனால் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும்.

வாசலுக்கு முன்னால் வீதியில் மஞ்சள் நிறத்தில் வளைந்து வளைந்து ஒரு கோடு போட்டிருப்பார்கள், நடுவில் பெரிய எழுத்தில் பாடசாலை முன் வெறுமையாக வைக்கச் சொல்லியிருப்பார்கள். பக்கத்தில் நேரம் குறித்த பலகை இருந்தால் அந்த நேரத்தில் அங்கே நிறுத்தவே கூடாது. பிள்ளையை இறக்கிவிட்டுப் போகிறேன் என்பதும் நிறுத்தம்தான். மாற்றுத்திறனாளிகளுக்கான நீல அட்டைக்கும் விலக்கு இல்லை. இரட்டை மஞ்சள் கோட்டில் பொருள் இறக்கினாரா என்று நான் சில நிமிடம் பார்த்திருப்பேன், இங்கே பார்க்க எதுவும் இல்லை, நின்றால் தவறு. எங்கள் கருவியில் இதன் இலக்கம் 48. லண்டனில் தண்டம் கூடிய பகுதிகளில் இதற்கு இப்போது 160 பவுண்.

முதல் இரண்டு வருடம் நானும் இந்த இலக்கத்தை அரைமனதோடுதான் அழுத்தினேன். பெற்றோர்தானே, அவசரம்தானே என்று நினைத்தேன்.

ஒரு ஜனவரி காலை, 8.45 இருக்கும். ஒரு பெரிய கார் அந்த வளைந்த கோட்டின் மேல், கடவைக்குப் பக்கத்தில் நிற்கிறது. அபாய விளக்குகள் மினுங்குகின்றன. ஓட்டுநர் அம்மா பின் இருக்கையில் பிள்ளையின் பட்டியைக் கழற்றிக்கொண்டிருக்கிறார். லொலிபொப் அம்மா எதிர்ப்பக்க நடைபாதையில் தடியோடு நிற்கிறார். நான் காரின் இலக்கத்தைத் தட்டிக்கொண்டு நிமிர்ந்தபோது, காரின் முன்மூடிக்கு மேலால் சிவப்புக் கம்பளித் தொப்பியின் குஞ்சம் ஒன்று தெரிந்தது. அவ்வளவுதான் தெரிந்தது. முகம் தெரியவில்லை, தோள் தெரியவில்லை. நான்கு ஐந்து வயதுப் பிள்ளை, யாரோ ஒருவரின் கையை விட்டுவிட்டு வந்து, அந்தக் காருக்கு முன்னால் வீதிக்குள் இறங்கி நின்றது. லொலிபொப் அம்மாவுக்கு அந்தக் குஞ்சம்கூடத் தெரியாது, அவர் நின்ற இடத்திலிருந்து காரின் பக்கக் கதவு மட்டும்தான் தெரியும். வந்துகொண்டிருந்த வான்காரனுக்கும் தெரியாது. நான் கத்தினேன். என்ன மொழியில் கத்தினேன் என்று இன்றும் ஞாபகம் இல்லை. குஞ்சம் நின்றது. வான் போனது.

ஒன்றும் நடக்கவில்லை. அந்தப் பிள்ளை யார் என்றுகூட எனக்குத் தெரியாது. டிக்கெட்டை எழுதி முடித்தேன். அந்த அம்மா என்னைக் கேட்ட கேள்வி, "உனக்கு மனச்சாட்சி இல்லையா?"

அன்றிலிருந்து 48ஐ நான் அரைமனதோடு அழுத்துவதில்லை. தடி பிடிப்பவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், அவருக்குத் தெரியாத பிள்ளையை அவரால் காப்பாற்ற முடியாது. அவருக்குத் தெரியும்படி வீதியை வெறுமையாக வைத்திருப்பது என் வேலை.

ஆனால் என் சுற்றில் பதினான்கு பாடசாலைகள். எல்லா வாசலும் ஒரே நேரத்தில் திறக்கின்றன. ஒரு காலையில் ஒரு வாசல், மிஞ்சினால் இரண்டு. என் சீருடையைக் கண்டால் கார்கள் பறந்துவிடும், நான் மூலை திரும்பினால் திரும்பி வந்துவிடும். அதனால்தான் பல கவுன்சில்கள் வாசலில் கேமரா வைக்கின்றன. கேம்டனும் ஹாக்னியும் இன்னும் ஒரு படி மேலே போய், பாடசாலை தொடங்கும், விடும் நேரங்களில் அந்த வீதியையே கார்களுக்குப் பூட்டின. இப்போது லண்டன் முழுவதும் அது பரவியிருக்கிறது. அப்படிப்பட்ட வீதியில் தடியோடு நிற்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், முகத்திலேயே நிம்மதி தெரியும்.

என் யோசனை இது. உங்களுக்கு முழுநேரச் சம்பளம் கட்டாயம் என்றால் என் வேலைக்கு வாருங்கள், தமிழ் தெரிந்த பெண்கள் எங்களுக்குத் தேவை. கொஞ்சக் காலம் தாங்கலாம் என்றால், உங்கள் மகனின் வாசலில் அந்த இடம் காலியாக இருக்க விடாதீர்கள்.


பதில்: கென்ட் வாசி

மேலே இரண்டு பேரும் நன்றாகச் சொல்லிவிட்டார்கள். ஒரே ஒரு எச்சரிக்கை.

லொலிபொப் ஆள் வைத்தே ஆக வேண்டும் என்று எந்தக் கவுன்சிலுக்கும் சட்டக் கட்டாயம் இல்லை. 1953இல் முதற்சட்டம் வந்த காலத்திலிருந்தே 'வைக்கலாம்' என்பதுதான் நிலை. பிள்ளையைப் பத்திரமாகப் பாடசாலைக்குச் சேர்ப்பது பெற்றோரின் பொறுப்பு என்பார்கள். ஆகவே ஒருவர் ஓய்வு பெறும்போது, அந்த இடம் இனியும் தேவையா என்று அறிய, அங்கே கடக்கும் பிள்ளைகளையும் போகும் வாகனங்களையும் மறுபடி எண்ணுவது பல ஊர்களில் வழக்கம்.

எண்ணும் முறையைத் தெரிந்து வையுங்கள். நெரிசலான அரை மணி நேரத்தில் கடக்கும் பிள்ளைகளின் தொகையை, அதே நேரத்தில் போகும் வாகனத் தொகையின் வர்க்கத்தால், அதாவது வாகனத் தொகையால் இரண்டு தடவை, பெருக்குவார்கள். வழிகாட்டியில் அது 40 இலட்சத்தைத் தாண்ட வேண்டும். 60 பிள்ளைகளும் 300 வாகனங்களும் என்றால் 54 இலட்சம், இடம் தப்பிவிடும். அதே 60 பிள்ளைகள், 200 வாகனங்கள் என்றால் 24 இலட்சம்தான். அப்போது வீதியின் அகலம், பார்வைத் தூரம் போன்றவற்றையும் சேர்த்துப் பார்ப்பார்கள். எங்கள் பக்கத்தில் ஓர் இடம் அரைநாள் எண்ணிக்கையில் போய்விட்டது. எண்ணிய அன்று நல்ல மழை. நடந்து வருகிற பிள்ளைகளில் பாதிப் பேர் அன்று காரில் வந்தார்கள். இதை நான் கவுன்சிலுக்கு மூன்று முறை எழுதிவிட்டேன், இனியும் எழுதுவேன்.

நீங்கள் லண்டன் என்பதால் இரண்டு வேலைக்கும் ஒரே பரோ கவுன்சில்தான். இங்கே கென்டில் லொலிபொப் கவுண்டி கவுன்சிலின் கையில், டிக்கெட் எழுதுவது மாவட்டக் கவுன்சில். ஒருவரைக் கேட்டால் மற்றவரைக் கை காட்டுவார்கள். உங்களுக்கு அந்த அலைச்சல் இல்லை. நாளைக்கே அழைத்து, விளம்பரத்தில் உள்ள இடம் எந்த வாசல் என்று கேளுங்கள்.


கேட்டவர்: தென்னங்கீற்று

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நடைக்காரன் தம்பி, உங்கள் பதிலைக் கணவருக்கு வாசித்துக் காட்டினேன். சிவப்புக் குஞ்சம் வந்த இடத்தில் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டார். போன கிழமை மகனை இறக்கிவிட அந்த மஞ்சள் கோட்டில்தான் தானும் நிறுத்தியதாகப் பிறகு சொன்னார்.

இன்று காலை கவுன்சிலுக்கு அழைத்தேன். இடம் பட்டியலில் இருக்கிறது, எடுத்துவிடவில்லை. அது எங்கள் வாசல்தான். மே மாதம் எண்ணப்போகிறார்களாம். எந்த நாள் என்று சொல்லவில்லை. நடக்கக்கூடிய பெற்றோர் எல்லோரும் அந்த மாதம் முழுவதும் மழை வந்தாலும் நடந்தே வர வேண்டும் என்று வகுப்புத் தாய்மாரின் குழுவில் எழுதிவிட்டேன். காலை உணவு கழகத்தில் இரண்டு இடம் இருக்கிறது, ஒன்றைப் பிடித்து வைத்திருக்கிறேன்.

விண்ணப்பம் அனுப்பிவிட்டேன். அதே படிவத்தில் மற்ற இடங்களில் யாராவது சுகமில்லாமல் போனால் பதிலுக்கு நிற்கத் தயாரா என்று கேட்டிருந்தார்கள், ஆம் என்று போட்டேன். பகல் இடைவெளிக்குப் பாடசாலைச் சமையலறையில் மதிய உணவு பரிமாறும் வேலை இருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன். இரண்டும் சேர்ந்தால் வாடகைக்குக் கிட்டே வந்துவிடும்.

மஞ்சள் கோட்டு அக்கா, கோட்டும் தொப்பியும் தருவார்கள் என்று எழுதியிருக்கிறது. சப்பாத்து பற்றி ஒன்றும் இல்லை. என்ன வாங்க வேண்டும்?


பதில்: மஞ்சள் கோட்டு

எங்கள் கவுன்சிலும் சப்பாத்து தருவதில்லை. தண்ணீர் உள்ளே போகாத, அடியில் நல்ல பிடி உள்ள கணுக்கால் சப்பாத்தாக வாங்குங்கள். உங்கள் அளவை விட அரை அளவு பெரிதாக எடுங்கள், டிசம்பரில் இரண்டு சோடி காலுறை போட வேண்டி வரும். குதி உயர்ந்தது வேண்டவே வேண்டாம், பின்னுக்கு ஓர் அடி வைக்க வேண்டி வந்தால் நடைபாதை விளிம்பில் மாட்டிக்கொள்ளும்.

பழைய பெரியவர் இன்னும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறார் என்றால், முதல் நாளுக்கு முன்பு ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். எந்த வளைவிலிருந்து வருகிறவர்கள் வேகம் குறைக்க மாட்டார்கள், எத்தனை மணிக்குக் குப்பை லொறி வரும், எந்தப் பிள்ளை கையை உதறிக்கொண்டு ஓடும் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கும். பயிற்சிப் புத்தகத்தில் அந்த வாசல் இல்லை.